மூலையில் மட்டும் மேடு

ஜனவரி 6

வெட்கக்கேட்டை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அப்புறம் நடக்காதது மாதிரி நடிக்க முடியாது பாருங்கள். இன்று காலையில் பலசரக்குக் கடை வாசலில் ஓர் அட்டைப்பெட்டிக்காக நாயோடு சண்டை போட்டேன். நாய் பெட்டிக்குள் படுத்திருந்தது. நான் பெட்டியை இழுக்க, அது எழுந்திருக்காமல் ராணி மாதிரி உட்கார்ந்தபடியே என்னோடு வந்தது. கடைக்காரர், "யக்கா, நாயையும் சேத்தே எடுத்துட்டுப் போறீகளா?" என்றார். டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நாய்தான் ஜெயித்தது.

அட்டை எதற்கென்றால் தோட்டம் போட. போனில் ஒரு வீடியோவில் ஒரு பொம்பளை சொல்கிறாள், மண்ணை வெட்டவே வேண்டாமாம். புல் மேலேயே அட்டையைப் பரப்பி, தண்ணீர் விட்டு நனைத்து, சாணி, இலைதழை, வைக்கோல் என்று அடுக்கிக்கொண்டே போனால் அதுதான் பாத்தி. அடியில் உள்ள புல் மக்கிவிடும், வெட்டுகிற வேலையை மண்புழு பார்த்துக்கொள்ளும். அந்தக் கடைசிப் பேச்சு எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மண்வெட்டியைத் தொடாத ஓர் ஆளோடு குடித்தனம் நடத்துகிறேன். மண்புழுவாவது வேலை பார்க்கட்டும்.

நான் ஐந்தாவது வரைக்கும்தான். சிவகாசியில் காலண்டர் கம்பெனியில் அட்டைக்கு மேலே தகரப் பட்டை அடிக்கிறேன். தை பிறந்தால் வேலை குறைந்துவிடும். இந்த டைரி அங்கே கழித்துப் போட்டது. ஜூலை மாசத்தைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டார்கள். ஜூலை வந்தால் தலைகீழாக நின்று எழுதிக்கொள்கிறேன். கோபம் வந்தால் நான் கத்துகிற ஆள். தெருவுக்குக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

ஜனவரி 8

முந்தாநாள் சொல்ல வந்ததைச் சொல்லாமல் நாய்க்கதை எழுதிவிட்டேன்.

மகன் மதிவாணன் ஓசூரில் இருந்து போன் பண்ணினான். கல்யாணமாகி ஏழு மாசம். பொண்டாட்டி நிவேதா இங்கே வந்தால் இரண்டு நாளுக்கு மேல் தங்க மாட்டேன் என்கிறாளாம். காரணம் எங்கள் கக்கூஸ். ஊரில் எல்லாருக்கும் அது வீட்டுக்குப் பின்னால் இருக்கும். எங்களுக்கு வாசல் கேட்டுக்குப் பக்கத்தில். வருகிற விருந்தாளி முதலில் அதைத்தான் தரிசனம் பண்ணிவிட்டு உள்ளே வர வேண்டும். கட்டும்போது எங்கள் வீட்டுக்காரர் ஒரே பிடியாக முன்னால்தான் என்று நின்றார். பின்னால் போய்க் குழி வெட்டச் சோம்பேறித்தனம், வேறென்ன.

இப்போது மதி வீட்டோடு சேர்த்து புது பாத்ரூம் கட்டப் போகிறான். அதற்குப் பின்பக்கத்தில் பெரிய செப்டிக் டேங்க்.

"பின்னாடி குழி வெட்டக் கூடாது" என்றேன்.

"ஏன்மா?"

"தோட்டம் போடப் போறேன்."

வாயில் வந்தது அதுதான். சொல்லிவிட்டதால் போட வேண்டியதாகிவிட்டது. அதற்கு அப்புறம்தான் போனில் தேடினேன். வெட்டாமல் போடுகிற தோட்டம் என்று ஒன்று இருக்கிறது என்று கண்டதும், அடித்தது யோகம் என்று நினைத்தேன். பின்பக்கத்தை யாரும் வெட்டக் கூடாது. நானும்தான். ஏன் என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

ஜனவரி 10

கம்பெனியில் கழிவு அட்டை கேட்டேன். மேனேஜர் தாராளமாக அள்ளிக்கோ என்றார். தகரப் பட்டை அடிக்காத காலண்டர் அட்டை, நல்ல கனம். எங்கள் வீட்டுக்காரரின் லோடு ஆட்டோவில் ஏற்றி வந்து, பின்பக்கம் சுவரோரமாக வரிசையாகப் பரப்பினேன். அழகாக இருந்தது. முருகன், பிள்ளையார், லட்சுமி, மறுபடி முருகன்.

சாணிப்பாலை வாளியில் கரைத்துக்கொண்டு நிற்கும்போது முத்துப்பேச்சி மைனி வந்தார். எங்கள் வீட்டுக்காரருக்கு மூத்த அக்கா, அடுத்த தெரு. கண் இரண்டும் வெளியே வந்துவிட்டது.

"அடிப்பாவி! சாமியத் தரையில போட்டு, சாணிய ஊத்தப் போறியா? கால வேற வச்சு நிக்கிற!"

குனிந்து பார்த்தேன். லட்சுமி மேல்தான் நின்றிருந்தேன். "குப்புறப் போட்டுருவோமா மைனி?" என்றேன்.

"குப்புறப் போட்டா மட்டும் சாமி இல்லாமப் போயிருமா?"

அதுவும் நியாயம்தான். எல்லாவற்றையும் பொறுக்கி, ஈரத்துணியால் துடைத்து, தொட்டுக் கும்பிட்டுத் திரும்பவும் ஆட்டோவில் ஏற்றினேன். தெருவே பார்த்தது. சுவாமி ஊர்வலம் என்று யாரோ சொன்னான். நானும் சிரித்தேன்.

ஜனவரி 11

சாமி அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தேன். வேறு என்ன இருக்கிறது என்றேன். ஒரு கட்டு கொண்டுவந்து போட்டார்கள். பாப்பா படம். தொப்பி போட்ட பாப்பா, தர்பூசணி தின்கிற பாப்பா, பல்லில்லாமல் சிரிக்கிற பாப்பா. இதில் சாமி இல்லையே, எடுத்துட்டுப் போ யக்கா என்றான் பேக்கிங் பையன்.

வேண்டாம் என்றேன். அவன் ஏன் என்றான். மண்ணில் போட மாட்டேன் என்று கத்திவிட்டேன். மிஷினை நிறுத்திவிட்டு எல்லாரும் பார்த்தார்கள்.

வெற்று அட்டைப்பெட்டி வாங்கி வந்தேன். படம் இல்லாதது.

ஜனவரி 13

பாத்தி போட்டாகிவிட்டது. அட்டையில் இருந்த டேப்பை எல்லாம் உரித்து, ஒன்றின் ஓரத்தில் ஒன்று ஏறுகிற மாதிரி பரப்பி, நனைத்தேன். மேலே சாணி, மேலே வேப்பிலைச் சருகு, மேலே வைக்கோல்.

நான் கேட்கவே இல்லை, எங்கள் வீட்டுக்காரர் லோடு முடித்து வரும்போதெல்லாம் ஆட்டோவில் எதையாவது போட்டுக்கொண்டு வருகிறார். கடலைத் தொலி ஒரு நாள், சருகு ஒரு நாள். வாயில் பேச்சுக் கிடையாது, அது பிறவிக்குணம். ஆனால் கொண்டுவந்ததைச் சமமாகப் பரப்பத் தெரிகிறதா? எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கிணற்றடிச் சுவர் மூலையில்தான் கொட்டுகிறார். அங்கே மட்டும் முழங்கால் உயரம் மேடு.

"யோவ் சீனிப்பாண்டி! சமமாப் பரத்தத் தெரியாதா? தோட்டம் போடுறீகளா, அம்பாரம் கட்டுறீகளா?" என்றேன். கோபம் வந்தால் நான் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன்.

"அங்ஙன கொஞ்சம் பள்ளமா இருக்கு கனி" என்றார்.

பள்ளமும் இல்லை, ஒன்றும் இல்லை. இந்த மனுஷன் துணி காயப்போட கொடிக்கம்பு நடச் சொன்னதற்கு, எண்ணெய் டின்னில் சிமெண்டு ஊற்றி அதில் கம்பை நிறுத்திவைத்தவர். ஒரு சாண் குழி வெட்ட வலிக்கிறதாம். காற்றடித்தால் கம்பும் சேலையும் சேர்ந்து நடந்து போகும். நான் பின்னாலேயே ஓட வேண்டும்.

ஜனவரி 16

பொங்கலுக்கு வந்தவர்கள் இன்று போய்விட்டார்கள். நிம்மதி. இல்லை, நிம்மதி இல்லை.

நிவேதா நல்ல பிள்ளைதான். அதுதான் தொந்தரவு, திட்டவும் முடியவில்லை. "அத்த, காலையில போகும்போது எதிர்க்க டீக்கடையில எல்லாரும் கிளாஸ இறக்கிட்டுப் பாக்குறாங்க" என்றாள்.

"என்னையுந்தான் இத்தன வருசமாப் பாக்குறான். நான் ஒரு வணக்கம் வச்சுட்டுப் போயிருவேன்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. சிரிக்கிற விஷயமும் இல்லை, எனக்குத் தெரியாதா.

மதி கொத்தனாரைக் கூட்டிவந்து அளந்தான். நான் போட்ட பாத்திக்குக் குறுக்கே சுண்ணாம்பால் வெள்ளைக்கோடு போட்டார்கள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"யம்மா, கீரை கடையில பத்து ரூவாய்க்குக் கெடைக்குது."

"ஓங்க டேங்கு கடையில கெடைக்கலையாக்கும்?"

"வெளையாடாதம்மா. ரெண்டு கத்திரிச் செடிக்காக வீட்டுக்கு வந்த பொண்ணு தெருவுல போய் நிக்கணுமா?"

பதில் இல்லாதபோது நான் இன்னும் சத்தமாகக் கத்துவேன். கத்தினேன்.

நடுவில் எங்கள் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்து, "டேங்க முன்னாடியே, ஆட்டோ நிறுத்துற எடத்துல போட்டா என்ன?" என்றார். மதி சிரித்துவிட்டான். ஆட்டோவை எங்கே நிறுத்துவது, தெருவிலா என்றான். நானும் சிரித்தேன். முப்பது வருஷத்தில் முதல்முறையாக வாயைத் திறந்து, அதிலும் கிறுக்குத்தனமாக ஒன்றைச் சொல்லுகிறாரே என்று.

அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் லீவுக்கு ஜேசிபியோடு வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

வெள்ளைக்கோட்டைத் துடைப்பத்தால் அழித்தேன். கை வலிக்கும்வரை.

பிப்ரவரி 2

வைக்கோலில் நெல் இருந்திருக்கிறது. தோட்டம் முழுக்க நெல் முளைத்திருக்கிறது. அறுவடைக்கு ஆள் சொல்லவா என்று தெருவில் கேட்கிறார்கள்.

பிப்ரவரி 11

நாற்று வைத்தேன். வைக்கோலை விலக்கி, சாணி எருவை ஒரு கைப்பிடி வைத்து, அதற்குள் கத்திரி, மிளகாய். அட்டைக்குக் கீழே போகவே இல்லை. மூலையில் அந்த மேட்டில் பூசணி விதை போட்டேன், எரு அங்கேதான் அதிகம் என்பதால். எங்கள் வீட்டுக்காரர் தூரத்தில் நின்று பார்த்தார். வேலைக்குப் போகாமல் அரைமணி நேரம் நின்றார்.

"என்ன, பூசணிக்கு மாமனாரா?" என்றேன்.

போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து மூலையில் மெதுவாக ஊற்றினார். குடத்தைக் கவிழ்க்காமல், கையால் அள்ளி அள்ளி.

பிப்ரவரி 27

கறையான். ஓரத்தில் அட்டை காய்ந்த இடத்தில் எல்லாம் ஏறிவிட்டது. நனைத்துக்கொண்டே இருக்க வேண்டுமாம், அந்தப் பொம்பளை அதை வீடியோவின் கடைசியில் சொல்கிறாள். கடைசியில் சொன்னால் யாருக்குத் தெரியும்? அவளையும் திட்டினேன், போனில் அவளுக்குக் கேட்காது என்றாலும்.

மார்ச் 22

மைனி வந்தார். மதி அனுப்பியிருக்கிறான், சமாதானம் பேச. மோர் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்:

"ஏ கனி, அந்தப் பொட்டப்புள்ளைய மனசுல வச்சுக்கிட்டா இப்படிப் பண்ற? ஒரு நாளு மூச்சு விடாத புள்ள. அதுக்கு இம்புட்டு வருசமா? இன்னேரம் எல்லாம் மண்ணோட மண்ணாப் போயிருக்கும், விடு."

மோர் டம்ளரை அவர் கையில் இருந்து வாங்கினேன். மிச்சத்தைக் கத்திரிச் செடிக்கு ஊற்றினேன். "மைனி, வெயிலுக்கு முன்னாடி வீட்டுக்குக் கெளம்புங்க" என்றேன். அவருக்கு நான் எதிர்ப்பேச்சுப் பேசியதே கிடையாது. அவர் போகும்போது செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்.

சரி. எழுதிவிடுகிறேன்.

மதிக்கு முன்னால் ஒரு பெண். ஆஸ்பத்திரியில் நான் நினைவில்லாமல் கிடந்தேன். விழித்துப் பார்த்தபோது வயிறு காலி, கையும் காலி. துணியில் சுற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். எங்கள் பக்கம் பச்சைப்பிள்ளை தவறினால் சுடுகாட்டுக்குப் போகாது, வீட்டுக்குப் பின்னால்தான். தாய்க்காரிக்கு முகத்தையும் காட்ட மாட்டார்கள், இடத்தையும் காட்ட மாட்டார்கள். காட்டினால் அங்கேயே போய் உட்கார்ந்து அழுவாளாம், அடுத்தது தங்காதாம். பின்னால் வைத்தாயிற்று என்று மட்டும் சொன்னார் மைனி. குழி வெட்டியது எங்கள் வீட்டுக்காரர்.

நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்றார்கள், கேட்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில்தான் நான் பெரியவர்கள் சொல்லைத் தட்டாதவள். எந்த இடம் என்று தெரியாததால் எனக்குப் பின்பக்கம் மொத்தமும் அவள்தான்.

இவர் மறந்துவிட்டார். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை மண்வெட்டியைப் பிடித்தார், அதையும் மறந்துவிட்டார். மதி அளக்கும்போது பின்னால் கையைக் கட்டிக்கொண்டு எப்படி நின்றார்! அந்தச் சுண்ணாம்புக் கோட்டைவிட எனக்கு அந்தக் கட்டிய கையைப் பார்க்கத்தான் எரிந்தது.

இன்று அவருக்குச் சோறு போட்டேன். குழம்பு ஊற்றவில்லை. வெறும் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. அதற்கும் கோபம் வந்தது.

ஏப்ரல் 5

கோழி கிளறின மாதிரி எழுத்து. பரவாயில்லை.

காலையில் பின்சந்து வழியாக ஜேசிபி வந்தது. நான் பிளாஸ்டிக் நாற்காலியைப் பாத்தி நடுவில் போட்டு, முருங்கைக்கீரையை மடியில் வைத்து உருவிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"யம்மா, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?" என்றான் வண்டி ஓட்டுகிற தம்பி.

"முட்டுவலிப்பா. ஒக்காந்தா லேசுல எந்திரிக்க முடியாது. நீ வேணா எறங்கி வந்து கீர உருவு."

அவன் சிரித்துவிட்டான். மதி சிரிக்கவில்லை. "யம்மா, எல்லாரும் பாக்குறாங்க. எந்திரி."

"பாக்கட்டும்."

"நிவேதா மாசமா இருக்கா. இன்னைக்கி உங்கிட்டச் சொல்லணும்னுதான் வந்தோம். அவ புள்ளயத் தூக்கிட்டு வந்தா எங்க போவா? சொல்லு, தெருவுக்கா?"

கீரை கையிலேயே நின்றுவிட்டது. நிவேதா பின்வாசலில் நின்றிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்தேன். அப்போதும் என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "அதுக்கு எம் பூசணிக் கொடியத்தான் அறுக்கணுமா?" எனக்கே அசிங்கமாக இருந்தது. ஆனால் வேறு வார்த்தை வரவில்லை. மகள் என்கிற வார்த்தையை நான் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை, நாக்குக்குப் பழக்கமில்லை.

"பூசணியா? உனக்குப் பூசணிதான் பெருசா?" என்று மதி கத்தினான். ஜேசிபி தம்பியைப் பார்த்து, "நீங்க அந்த மூலையில ஆரம்பிங்கண்ணே, அம்மா தானா எந்திரிக்கும்" என்றான்.

எங்கள் வீட்டுக்காரர் எப்போது வந்தார் என்று தெரியாது. ஜேசிபி கைக்கும் மேட்டுக்கும் நடுவில் நின்றார். கையைக் கட்டவில்லை.

"அங்ஙன ஒனக்கு மூத்தவ இருக்காடா" என்றார்.

அவ்வளவுதான். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. தம்பி சாவியைத் திருப்பி நிறுத்தினான். மதி அவர் முகத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சிமெண்டு டின்னில் நிற்கிற கொடிக்கம்பைப் பார்த்தான். அப்படியே உட்கார்ந்தான், சாணி மேல். புது பேண்டு.

ஏப்ரல் 6

நேற்றே தெரிந்துவிட்டாலும், எங்கள் வீட்டுக்காரர் வாயால் கேட்க வேண்டும் என்று, வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டேன். "எந்த எடம்?"

"அந்த மூலதான்."

"எந்த மூல?"

"சமமாப் பரத்து பரத்துன்னு நீ கத்துவியே, அந்த மூல."

கையில் இருந்த வெங்காயத்தை அவர் மேல் எறிந்தேன். இரண்டாவதையும். மூன்றாவதை அவர் பிடித்துக்கொண்டார்.

"இம்புட்டு வருசமாத் தெரிஞ்சுக்கிட்டே நடமாடியிருக்கீக! ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"கேட்டா அழுவ, சொல்லாதேன்னு அக்கா சொல்லிச்சு."

"அழுதா என்ன? வீடு முங்கிருமா?"

"நீ கேக்கலியே கனி. மறந்துட்டேன்னு நெனச்சேன். சிரிச்சுக்கிட்டே திரிஞ்சியா."

இதைவிடக் கோபம் எனக்கு என் ஆயுசில் வந்ததில்லை. இவர் மறந்துவிட்டார் என்று நானும், நான் மறந்துவிட்டேன் என்று இவரும், ஒரே பாயில். மைனி மேல் கோபம். செத்துப்போன மாமியார் மேல் கோபம். அவர்களுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தவர்கள் மேல் கோபம், அவர்கள் யாரென்றுகூடத் தெரியாது. சோம்பேறி, சோம்பேறி என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தேனே, அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம் இல்லையா? கக்கூஸை வாசலில் கட்டி ஊரே சிரித்ததே, அப்போதாவது?

வடிகஞ்சியை நான் எப்போதும் படிக்குப் பக்கத்தில்தான் ஊற்றுவேன். கிணற்றடி மூலையில் ஊற்றினால் எறும்பு வரும் என்று, மதி பிறக்கும் முன்னாலேயே இவர் சொல்லிவைத்திருந்தார். எறும்பாம்.

இன்றும் குழம்பு ஊற்றவில்லை. அப்புறம் ஊற்றினேன்.

ஏப்ரல் 9

நிவேதாவே முடிவு சொன்னாள். "அத்த, டேங்க் முன்னாடியே போட்டுக்கலாம். பாத்ரூமுக்குப் பைப்ப சைடுல கொண்டுபோயிரலாம்னு கொத்தனார் சொல்றாரு. ஆட்டோ தெருவுல நிக்கட்டும்." பிறகு, "அவங்களுக்குப் பேரு வச்சீங்களா அத்த?" என்றாள்.

அவங்களுக்கு என்றாள். மரியாதையாக. மூத்த நாத்தனார் முறை ஆகிறதே.

பேர் வைக்கவில்லை என்றேன். அடுப்பில் பால் பொங்கிவிட்டது, போனேன்.

ஏப்ரல் 20

முன்னால் டேங்க் வேலை நடக்கிறது. மைனி குழம்பு கொண்டுவந்தார். வாங்கிக்கொண்டேன். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. நாளைக்குச் சொன்னாலும் சொல்வேன்.

மே 14

வெயில் கொல்லுகிறது. மிளகாய் போய்விட்டது. கத்திரி நாலு செடி தேறியது. கோழி வந்து வைக்கோலைக் கிளறிக்கொண்டே இருக்கிறது. வெட்டாத தோட்டத்தை வெட்டுகிற ஒரே ஆள் அதுதான். மூலையில் பூசணி மட்டும் சுவர் ஏறிவிட்டது. ஒரு காய் நின்று பெரிதாகிறது. காலையில் எழுந்ததும் எங்கள் வீட்டுக்காரர் அங்கேதான் பல் விளக்குகிறார். நானும். பேசிக்கொள்வது இல்லை. இன்னும் கோபம்தான். ஆனால் பக்கத்தில் நின்றுதான் கோபம்.

ஜூன் 3

பூசணி பறித்தோம். நல்ல கனம், இடுப்பில் வைத்துத்தான் தூக்க முடிந்தது. விற்கக் கூடாது என்றார் இவர். யார் விற்கப் போகிறார்கள் என்றேன். ஓசூருக்குக் கொடுத்துவிடலாம், நிவேதாவுக்கு என்று முடிவானது. பஸ்ஸில் ஏற்றிவிட இவரே தூக்கிக்கொண்டு போனார். தெருவில் ஆட்டோவுக்குப் பின்னால் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டு, சாவி எடுக்க உள்ளே வந்தார். சாவியை எடுத்துக்கொண்டு போனார். ஏறி உட்கார்ந்தார். ஆட்டோவைப் பின்னால் எடுத்தார்.

பாதி தேறியது. கழுவிக் கூட்டு வைத்தேன். எவ்வளவு கழுவியும் வாய்க்கு வாய் மண் நறநறத்தது. இரண்டு பேரும் தட்டைக் காலி பண்ணினோம்.